முந்தானையைத் திருப்பிப் பார்த்தவள்

எங்கள் ஆரணியில் ஒரு கல்யாணத்துக்கு வந்து பாருங்கள். தாலி கட்டுவதைப் பார்க்கிற கூட்டம் பாதி என்றால், பக்கத்து நாற்காலிக்காரியின் முந்தானையைத் திருப்பிப் பார்க்கிற கூட்டம் பாதி. அனுமதியெல்லாம் கேட்பதில்லை. பேச்சு பேச்சாக இருக்கும்போதே கை போகும், முந்தானை புரளும், பின்பக்கத்தைக் கண் ஒரு ஓட்டு ஓட்டிவிடும். "கோர்வ நல்லா வுழுந்திருக்குது, யாரு தறி?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். முன்பக்கத்தை ஊரே பார்க்கும். பின்பக்கத்தை நெய்கிறவர்கள்தான் பார்ப்பார்கள். இதற்காக யாருக்கும் ரோஷம் வந்து நான் பார்த்ததில்லை. இந்தப் பழக்கத்தைத் தஞ்சாவூர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் கன்னியம்மாள் செய்த தப்பு என்று எங்கள் ஆரணிக் கொசப்பாளையத்தில் இப்போது பேசுகிறார்கள். அது தப்பே இல்லை என்பது என் கட்சி. தப்பு செய்தவன் அவள் புருஷன்.

வீரபாகுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கன்னியம்மாளுக்கு நாற்பத்தாறு. கல்யாணமான மறு மாசமே அவள் தறியில் உட்கார்ந்தாள், இருபத்தேழு வருஷம் ஆகிறது. கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்றால், ஒவ்வொரு இழைக்கும் கரைப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து நூல் சுற்றிய தனி நாடாவைத் தள்ளியாக வேண்டும். வீரபாகு மிதித்து அடிப்பான். கன்னியம்மாள் கரை நாடாவைத் தள்ளித் தள்ளி வாங்குவாள். தள்ளுகிற இடத்தில் இரண்டு நிறமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு இழை தவறினாலும் புடவை பல்லிளித்துவிடும். அது தவறாமல் இருப்பது அவள் கையில்தான் இருக்கிறது. ஆனால் நெசவாளர் அட்டை அவன் பேரில். சங்கத்தில் உறுப்பினர் அவன். யாராவது வந்து கேட்டால், "வூட்ல கூடமாட ஒத்தாசைக்கு உக்காருது" என்பான். அவளும் உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விடுவாள்.

தஞ்சாவூர் யோசனை மகள் சரண்யாவுடையது. சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். சித்திரைக்கு வந்திருந்தபோது சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஏம்மா, ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணி எங்கனா போயிருக்கீங்களா? படவேடு கோயிலச் சொல்லாத."

"திருமல போனமே."

"அது பக்கத்துல கீற சமண கோயிலு. பெரியப்பா வேன் வெச்சி கூப்டுகினு போனாரு. நீங்க ரெண்டு பேரும் மட்டும் எங்க போனீங்க?"

கன்னியம்மாள் யோசித்துப் பார்த்தாள். இரண்டு பேரும் மட்டும் போன இடம் தறிக்குழிதான். அதைச் சொன்னால் மகள் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

"தஞ்சாவூரு போயிட்டு வாங்க. சனி ஞாயிறு. ரூம் நான் போட்டுத் தரேன். பெரிய கோயிலு, அரண்மன, எல்லாம் பாரு. பேசாத, நான் போட்டுட்டேன்" என்று போனைக் காட்டிவிட்டாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை விடிகாலை கிளம்பினார்கள். பாதி நெய்த புடவையைப் பழைய வேட்டியால் மூடி, எலி ஏறாமல் இரண்டு பக்கமும் செருகிவிட்டு வந்தாள் கன்னியம்மாள். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டியிருந்தாள். திருவண்ணாமலையில் ஒரு பஸ், விழுப்புரத்தில் ஒரு பஸ். ஜன்னலோரம் அவளுக்கு. வெயிலில் வயல்கள் வெடித்துக் கிடந்தன, ஆறுகள் வெறும் மணலாகக் கிடந்தன, அவளுக்கு அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீரபாகு வழியெல்லாம் தூங்கினான். முழித்த நேரத்தில் பையில் போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான்.

லாட்ஜ் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். மேலே அறைகள், கீழே ஒரு சின்னக் கல்யாண மண்டபம். மறுநாள் காலையில் முகூர்த்தம் என்று வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ராஜேஷ் என்று ஒரு இளைஞன், நெற்றியில் விபூதி, வாய் நிறைய "சார்". வீரபாகுவை யாரும் சார் என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. கையெழுத்துப் போடும்போதே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

நாலு மணிக்குக் கோயிலுக்குப் போனார்கள். கல் தரை கொதித்தது. போட்டிருந்த சணல் விரிப்பிலேயே எல்லோரும் ஓடினார்கள். கன்னியம்மாள் மட்டும் விரிப்பை விட்டு இறங்கி, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

"எங்க போற? சாமி இந்தாண்ட கீது."

"பின்னாடி எப்புடி கட்டிருக்கான்னு பாக்கறேன்."

"வந்த எடத்துலயும் பின்பக்கமா? உனுக்கு வேற வேல இல்ல?"

"முன்னாடி அழகா கட்ட எல்லாருக்கும் தெரியும். இத்த பாருங்க, யாரும் பாக்காத மூலைல கூட எப்புடி இழச்சி வெச்சிருக்கான். கூலி குடுத்தவன் வந்து பாக்கவா போறான்?"

"உள்ளங்கால் வெந்துபூடும், வா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். வெளியே வந்து ஆளுக்கு ஒரு ரோஸ்மில்க் குடித்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவன் அவள் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். அது அன்றைக்கே கெட்டுப்போக வேண்டும் என்று இருந்திருக்கிறது.

ஏழு மணிக்கு லாட்ஜுக்குத் திரும்பியபோது வாசலில் மேளம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்டுக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கன்னியம்மாளுக்கு நேர் முன்னால் பெண்ணின் அம்மா. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குக் கரை. சம்பந்தியம்மாளிடம் அந்தப் புடவையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"கைத்தறி பியூர் சில்க்குங்க. கோர்வை. ஆர்டர் குடுத்து ஆறு வாரம் காத்திருந்து வாங்கினோம். பொண்ணுக்கும் இதே கடைதான், இதே தறிக்காரன்தான்."

கோர்வை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கன்னியம்மாளின் கை தானாகப் போயிற்று. அதில் யோசனையே கிடையாது. தோளிலிருந்து தொங்கிய முந்தானையை இரண்டு விரலால் தூக்கினாள், புரட்டினாள், கரையும் உடம்பும் சேருகிற இடத்தில் கட்டை விரலை ஓட்டினாள்.

"ஐய, இது பவர்லூமுங்க" என்றாள் புருஷனிடம். ஊர்க் கல்யாணத்தில் சொல்கிற அதே குரலில். "கோர்வையே இல்ல. மஞ்ச ஊடை நூலு கரைக்குள்ளயே பூந்து ஓடுது பாருங்க. பின்னாடி பூ நூல கத்திரிச்சி வேற வுட்டுருக்கான்."

அந்த அம்மாள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் சம்பந்தியம்மாளும் திரும்பினாள். சம்பந்தியம்மாளின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனதைக் கன்னியம்மாளே பார்த்தாள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"யாரு நீ? எதுக்கு என் மேல கை வைக்கிறே?"

"இல்லம்மா, பொடவைய…"

"பொடவையவா பார்த்த? கழுத்துக்கிட்ட கை வந்துச்சு! சங்கிலில கை வச்சா! இங்க பாருங்க, திருடி! கல்யாணக் கூட்டத்துல பூந்துட்டா!"

அவ்வளவுதான். பதினைந்து பேர் முப்பது பேர் ஆனார்கள். ஒருத்தன் கன்னியம்மாளின் கைப்பையைப் பிடுங்கினான். ஒருத்தன் போலீசைக் கூப்பிடு என்றான். ஒருத்தி "மடியை உதறச் சொல்லுங்க" என்றாள். "நாங்க தறிக்காரங்கம்மா, ஆரணிம்மா" என்று கன்னியம்மாள் இரண்டு தடவை சொன்னாள். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. மடியை உதறச் சொன்னபோது உதறினாள். பஸ் டிக்கெட் இரண்டும் கோயில் விபூதியும் விழுந்தன.

வீரபாகு என்ன செய்தான்? கையைக் கூப்பினான். இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒரு சுற்று கூப்பினான். அப்புறம் பெண்டாட்டியின் காதில், "நீ மேல போ. நான் பேசிட்டு வரேன்" என்றான்.

"நான் எதுக்குப் போணும்? நான் இன்னா பண்ணேன்?"

"போலீசுன்னு சொல்றான்டி. போ மேல."

அரை மணி கழித்து அவன் அறைக்கு வந்தான். கையில் தோசைப் பொட்டலம். முகத்தில் ஏதோ ஜெயித்த களை.

"முடிஞ்சிச்சி. பேஜாரு வுட்டுது. சாப்பிடு."

"இன்னான்னு பேசினீங்க?"

"தெரியாம பட்டுச்சின்னு சொன்னேன். பாவம், நல்ல மனுசன் அந்த மேனேஜரு. சார் சார்னுதான் பேசினாரு."

"அந்தம்மா இன்னா சொல்லிச்சி?"

"சரின்னு பூடிச்சி. வுடு. ஆறிப்பூடும், சாப்பிடு."

"திருடின்னு சொன்னத வாபஸ் வாங்கிச்சா இல்லியா?"

"அதெல்லாம் நீ திருடி இல்லன்னு அவங்களுக்குப் புரிஞ்சிபோச்சி. கம்னு சாப்புடு."

அவன் தோசையைப் பிட்டுப் பிட்டுத் தின்றான். அவள் தொடவில்லை. கீழே நலங்குப் பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது. தன்னைத் திருடி இல்லை என்று அந்த ஜனங்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் புருஷன் பேசியிருக்கிறான், நமக்காக நாலு பேர் மத்தியில் நின்றிருக்கிறான் என்று கொஞ்சம் மனசு இறங்கியது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஞாயிறு காலை முகூர்த்தம் முடிந்து பந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதரைக்கு இரண்டு பேரும் பையோடு கீழே இறங்கினார்கள். அரண்மனை பார்த்துவிட்டு மத்தியான பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வரவேற்பு மேஜையில் வீரபாகு சாவியைக் கொடுக்கும்போது, பெண்ணின் அம்மா மண்டபத்திலிருந்து வேகமாக வந்தாள். இன்றைக்கு நீலப் புடவை. கையில் ஒரு தாம்பூலப் பை, இன்னொரு துணிப்பை. கன்னியம்மாள் உடம்பை விறைத்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் இரக்கம்.

"மனசுல வச்சுக்காதம்மா. எம்பேரு சுபலட்சுமி. நான் நேத்து தெரியாம கத்திட்டேன். உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்ததைப் படிச்சப்புறம் ராத்திரியெல்லாம் எனக்கே கஷ்டமா போச்சு. இந்தா, பொண்ணு கல்யாண ஸ்வீட்டு. மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடுறியாம்மா?"

"இன்னா மாத்திர?"

சுபலட்சுமி வீரபாகுவைப் பார்த்தாள். 'இதுவும் மறந்துவிட்டதா, பாவம்' என்கிற மாதிரி ஒரு பார்வை.

"எங்க நாத்தனாருக்கும் இப்படித்தாம்மா இருந்துச்சு. திருச்சில ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். இப்ப தனியா கடைக்கே போயிட்டு வர்றா. நீயும் சரியாயிடுவே."

கன்னியம்மாள் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மேஜை மேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுபலட்சுமி குரலைத் தணித்துக்கொண்டு அவன் பக்கம் போனாள். துணிப்பையிலிருந்து மாம்பழ மஞ்சள் புடவையை எடுத்தாள்.

"ஐயா, நீங்க பட்டு நெய்யறவர்னு சொன்னீங்க. ஒரு வார்த்தை. இவங்க ஏதோ சொன்னதைக் கேட்டுட்டு சம்பந்தி வீட்டுப் பொம்பளைங்க வாய்க்குள்ள சிரிக்கிறாங்க. பாவம், இவங்க சொன்னதை நான் எடுத்துக்கலை. ஆனா என் பொண்ணு முகூர்த்தப் புடவையும் அதே கடை. நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. நல்ல புத்தியோட இருக்கிறவங்க சொன்னா…"

வீரபாகு புடவையைக் கையில் வாங்கினான். புரட்டினான். அவன் கட்டை விரலும் கரை ஓரத்தில் அதே இடத்துக்குத்தான் போயிற்று. அதுவும் தானாகப் போகிற விரல்தான். முப்பது வருஷத் தறிக்காரன். தொட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"சொல்லுங்க" என்றாள் கன்னியம்மாள்.

அவன் யோசித்தான். பவர்லூம் என்று சொன்னால் நேற்று எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடும். கல்யாண வீடு வேறு. தாலி கட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அம்மாளின் கண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மனுஷனுக்கு இரக்கம் வந்திருக்கலாம், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரக்கத்துக்கு யார் வீட்டு அரிசியைப் பொங்கினான் என்பதுதான் கேள்வி.

"கைத்தறிதாம்மா" என்றான். "நல்ல பொடவ. கோர்வதான். தைரியமா இருங்க."

"அப்பாடா" என்றாள் சுபலட்சுமி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கன்னியம்மாள் புடவையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இத்த பாரும்மா. நீயே பாரு. உன் விரலைக் குடு. கோர்வன்னா இங்க கவ்விப் புடிச்சிருக்கணும், கைக்கு நெருடும். நெருடுதா? வழவழன்னு போவுதில்ல? அரக்கு கரைக்குள்ள மஞ்ச எப்புடி வந்திச்சி? இந்தாளு பொய் சொல்றாரு. உன்ன ஏமாத்தினவனப் போய் கேளும்மா, நான் சொல்றது…"

"சரிம்மா, சரிம்மா" என்று சுபலட்சுமி அவள் முதுகைத் தடவினாள். குழந்தைக்குத் தடவுகிற மாதிரி. "நீ சொன்னா சரிதாம்மா. கோவப்படாதே. உடம்புக்கு ஆகாது." புடவையைப் பக்குவமாக வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வீரபாகுவிடம், "பத்திரமா கூட்டிட்டுப் போங்க ஐயா, உங்க பொறுமை யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போய்விட்டாள்.

திருடி என்று கத்தினால் திருப்பிக் கத்தலாம். முதுகைத் தடவினால் என்ன செய்ய முடியும்?

கன்னியம்மாள் மேஜைப் பக்கம் திரும்பினாள். மேனேஜர் ராஜேஷ் பில் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தான்.

"தம்பி, இவுரு நேத்து இன்னா எழுதிக் குடுத்தாரு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்கம்மா. சும்மா ஃபார்மாலிட்டிக்கு…"

"ஏய், வா பூடலாம்" என்றான் வீரபாகு. "அரண்மன மூடிடுவான்."

"படிச்சிக் காட்டு தம்பி. எனக்கும் படிக்கத் தெரியும், எட்டாவது. ஆனா நீ படி. எல்லாரும் கேக்கட்டும்."

ராஜேஷ் வீரபாகுவைப் பார்த்தான். அவன் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கன்னியம்மாள் மேஜையைக் கையால் ஒரு அடி அடித்தாள். பந்திக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ராஜேஷ் இழுப்பறையிலிருந்து காகிதத்தை எடுத்தான். குரலே எழும்பாமல் படித்தான்.

"என் மனைவி கன்னியம்மாள் சில வருடங்களாகப் புத்தி சுவாதீனம் இல்லாமல் மருந்து சாப்பிட்டு வருகிறார். தான் என்ன செய்கிறோம், என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. புடவை பற்றி அவர் சொன்னதைப் பொருட்படுத்த வேண்டாம். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன். இப்படிக்கு, வீரபாகு, நெசவாளர், ஆரணி."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏன்யா" என்றாள். அதுவரைக்கும் 'ங்க' போட்டுப் பேசியவள். "நான் தறில கை மறந்து எப்பியாவது ஒரு இழ வுட்டுருக்கனா?"

"எவன்டி இல்லன்னான்? போலீசக் கூப்புடறேன்னான். நாளிக்கி சரண்யாவுக்கு மாப்ள பாக்கணும். ஆத்தாக்காரி மேல திருட்டு கேசுன்னா எவன் வருவான்? உன்னக் காப்பாத்தத்தான்…"

"திருடி பொண்ணக் கட்ட மாட்டான். பைத்தியக்காரி பொண்ண க்யூல நின்னு கட்டிகினு போவானா?"

அப்புறம் அவனுக்கும் கோபம் வந்தது. நியாயம் இல்லாத ஆம்பிளைக்குக் கோபம்தானே கடைசிப் பிடி.

"உன்ன யாரு அந்த முந்தானையில கை வெக்கச் சொன்னது? அசலூருல வந்து இன்னா உன் தெறமையக் காட்றது? கைய வெச்சிகினு சும்மா இருந்தா இதெல்லாம் வருமா? நான் இல்லன்னா நேத்து உன்ன ஜல்தி உள்ள தள்ளிருப்பான். புருசன் கால்ல வுழாத கொறையா கெஞ்சி வெளிய கொண்டாந்தா, பேச்சு பேசற."

"கெஞ்சினத நான் கேக்கல. கை தெரியாம பட்டுச்சின்னு சொல்லிருக்கலாம். நாங்க தறிக்காரங்க, எங்க ஊரு பழக்கம்னு சொல்லிருக்கலாம். நான் சொன்னது நெசம்னு சொல்லிருக்கலாம். இத்தன இருந்திச்சே, எதுக்குய்யா என் புத்திய எடுத்துக் குடுத்த? உன்னுதக் குடுக்கறது?"

"மெதுவா பேசு. எல்லாம் பாக்கறான்."

"பாக்கட்டும். நேத்து பொய்ன்னு வெச்சிக்க, பயத்துல சொன்ன. இன்னிக்கி அந்தப் பொடவைய உன் கையில குடுத்திச்சே. யாரு உன்ன அடிச்சாங்க? யாரு போலீசுன்னாங்க? விரல வெச்சிகினே கைத்தறின்னு சொன்னியே."

"கல்யாண வீட்ல போயி, பாவம், அந்தம்மா மனசு…"

"அந்தம்மா மனசு தெரியுது. என்னுது தெரியல."

வீரபாகு பையைத் தூக்கித் தோளில் மாட்டினான். "வா, பஸ்ஸுல போயி பேசிக்கலாம்" என்று வாசல் பக்கம் நாலடி நடந்தான். வழக்கமாக அவன் நடந்தால் அவள் பின்னால் போய்விடுவாள். அன்றைக்கு அவள் மேஜையை விட்டு நகரவில்லை.

"தம்பி, அந்தப் பேப்பரக் குடு."

"கிழிச்சிடாதீங்கம்மா. அந்த வீட்டுக்காரங்க கேட்டா நான் பதில் சொல்லணும்."

"கிழிக்க மாட்டேன். பத்திரமா வெச்சிரு. ஆனா அதுல ஒரு தப்பு கீது, திருத்தணும். பேனா குடு."

ராஜேஷ் கொடுத்தான். அவள் மேஜை மேல் குனிந்து, வீரபாகுவின் கையெழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள். நாலு வரி எழுதக் கால் மணி நேரம் பிடித்தது. பந்தி முடிந்து வந்தவர்கள் வெற்றிலை மென்றுகொண்டு சுற்றி நின்றார்கள். வீரபாகு வாசலில் நின்று, "கன்னி, ஏய் கன்னி" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். அவள் நிமிரவில்லை.

எழுதி முடித்ததும் நிமிர்ந்து, ஸ்கூலில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"மேலே பெயர் மாறிவிட்டது. முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தும் பவர்லூம் புடவையைத் தொட்டுப் பார்த்து கைத்தறி என்று சொன்னவர் என் புருஷன் வீரபாகு. அதனால் புத்தி சரியில்லாதவர் அவர்தான். எனக்கு நன்றாக இருக்கிறது. இப்படிக்கு, கன்னியம்மாள்."

சுற்றி நின்றவர்களில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ராஜேஷுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வீரபாகு வாசலிலிருந்து வேகமாக வந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. "இன்னாடி எழுதின? நாலு பேரு எதுக்க என்ன பைத்தியம்ன்றியா?"

"அப்ப திருத்திக்கலாம்" என்றாள் அவள். பேனாவை அவன் முன்னால் நீட்டினாள். "அது பவர்லூம்னு எழுது, நான் எழுதினத அடிச்சிடறேன். இல்ல அது கைத்தறிதான்னு எழுது, என்னுது அப்புடியே இருக்கட்டும். ரெண்டுல எத வேணா எழுது. எழுதுய்யா."

பேனா அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றது. மண்டபத்துக் கதவோரத்தில் சுபலட்சுமி வந்து நிற்பதை அவன் பார்த்தான். சம்பந்தியம்மாளும் பக்கத்தில் நின்றாள். அவன் பேனாவை வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கன்னியம்மாள் அவனுக்கு வேண்டிய நேரம் கொடுத்தாள். ராஜேஷ் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்து மூடுகிற அளவுக்கு நேரம் கொடுத்தாள்.

அப்புறம் பேனாவை மேஜையில் வைத்தாள். தாம்பூலப் பையையும் அங்கேயே வைத்தாள். அவன் தோளில் மாட்டியிருந்த பையின் ஓரத்து ஜிப்பைத் திறந்து, தன் சுருக்குப் பையை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வாழைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ நின்றது. கன்னியம்மாள் போய் ஏறி உட்கார்ந்தாள்.

"அரண்மனைக்குப் போப்பா."

"கன்னி, இரு, இரு, நானும் வரேன்" என்று வீரபாகு பையோடு படியில் இறங்கி ஓடிவந்தான். ஆட்டோக்காரன் கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு, "எத்தனை பேரும்மா?" என்று கேட்டான்.

"ஒரு ஆளுதான். எடு."